வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டிய நிறம்

வெயில் ஏறிவிட்டால் புதுக்கோட்டையில் ரோஸ் கலர் இருக்காது. செடி இருக்கும், பூவும் இருக்கும். நிறம் மட்டும் வெளுத்து, வெள்ளையடித்த மதில்களின் கூச்சத்தில் கரைந்து போயிருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் அதே செடியைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த இதழில் எத்தனை ரோஸ் இருந்தது என்று தெரியும்.

புதுக்கோட்டை என்றதும் பலருக்குத் தொண்டைமான் சமஸ்தானம் நினைவுக்கு வரும். நான் சொல்வது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும் புதுக்கோட்டை. கிழக்கே கடலும் உப்பளமும், மேற்கே வல்லநாட்டு மலை, நடுவில் உடைமரமும் பனையும். இந்தப் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் செடி வளர்ப்பவர் குடத்துத் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். இப்படிப்பட்ட மண்ணில் எந்தப் பூ தாக்குப்பிடிக்கிறதோ அதுவே எங்கள் பூ. தாக்குப்பிடித்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் வியப்பாக இருக்கும். நித்தியகல்யாணி, அரளி, கொடிரோஸ், காகிதப்பூ, பத்துமணிப்பூ, அந்திமந்தாரை, பாலைவன ரோஜா என்று பாதிக்கு மேல் ரோஸ்.

அத்தனையும் ஒரே ரோஸ் என்று நினைப்பவர் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சேலை எடுக்கும் பெண்களின் பேச்சைக் கேட்க வேண்டும். தாமரைக் கலர் வேறு, ராணி கலர் வேறு, வெங்காயத்தோல் கலர் வேறு, வாடாமல்லி கலர் வேறு. ஒன்றைக் கேட்டு இன்னொன்றை எடுத்துப் போட்டால் முகம் சுளிப்பார்கள். அந்தக் கண்ணோடு தெருவில் நடந்தால் காகிதப்பூ ராணி கலராகவும், வாடத் தொடங்கிய அரளி வெங்காயத்தோலாகவும் தெரியும். நித்தியகல்யாணிக்கு மட்டும் எந்தச் சேலையின் பெயரும் பொருந்தவில்லை. அதன் இதழ் ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒன்று, கண்ணில் வேறொன்று.

நித்தியகல்யாணியில் இருந்தே தொடங்குகிறேன். எங்கள் தெருவில் இதை யாரும் நட்டதாகச் சொல்ல மாட்டார்கள். மதில் வெடிப்பில், வாறுகால் ஓரத்தில், சிமெண்டுத் தளமும் சுவரும் சேரும் இடத்தில் தானாக வரும். சுடுகாட்டுமல்லி என்றும் பெயர் உண்டு. அதனால் வாசலில் வைக்கத் தயங்குபவர்களும் உண்டு. ஒரு நாள் காலை நான் மதிலோரம் குத்தவைத்து அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி நின்று பார்த்தார்.

“ஏடே, வேற பூவா இல்ல? இதப் போயி படம் புடிக்கியே.”

“கிட்ட வச்சுப் பாருங்க ஆச்சி” என்று போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு குங்குமத்தையா உள்ள வச்சிருக்கு?” என்றார்.

ஆச்சி பார்த்தது சரியான இடம். பூவின் நடுவில், ஊசி நுழையும் அளவில் ஒரு வாய். அதைச் சுற்றி அடர்ந்த சிவப்பு வளையம். வளையம் கோடு கிழித்தாற்போல முடிவதில்லை. மெல்லிய கீற்றுகளாக இதழுக்குள் இறங்கிக் கரைகிறது. வாயைச் சுற்றி நுண்ணிய மயிர்கள் உண்டு, சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் அவை தெரியும். மகரந்தப் பைகளோ சூல்முடியோ வெளியே தெரியாது. எல்லாம் அந்தக் குறுகிய குழலுக்குள் ஒளிந்திருக்கின்றன. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டிலுக்கும்தான் அதன் தேன் எட்டும்.

இதழ்களைப் பாருங்கள். ஐந்தில் ஒன்றுகூட நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் ஓரமும் அடுத்ததன் மேல் ஏறியிருக்கிறது. எல்லாம் ஒரே திசையில். அதனால் அசையாமல் நிற்கும்போதும் பூ சுழல்வதாகத் தோன்றும். மொட்டைப் பார்த்தால் காரணம் புரியும். பிழிந்து முறுக்கிய ஈரத்துணியாக ஐந்து இதழ்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன. விரியும்போது அந்த முறுக்கு அவிழ்கிறது, சரிவு மட்டும் இதழில் தங்கிவிடுகிறது. முந்தின நாள் மாலை மொட்டாகவும் மறுநாள் காலை பூவாகவும் ஒரே கோணத்தில் எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தாவரவியல் பாடமும் தராத ஒரு தெளிவு கிடைக்கும்.

மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செடி இது. தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கங்களில் மானாவாரிப் பயிராகவும் விளைகிறது. இலையும் வேரும் மருந்துக்காக ஏற்றுமதியாகின்றன. 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் வந்த இதன் இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற மருத்துவரின் கைக்குக் கிடைத்தன. சர்க்கரை நோய்க்கு அங்கே கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்பதால் அந்த நோக்கில்தான் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியே போய் 1958-இல் நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றுவரை நிற்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பார்கள். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, “அப்போ சுடுகாட்டுக்குப் போவ விடாத பூவுன்னு சொல்லு” என்றார். அதற்கு மேல் நான் என்ன எழுத?

இந்த முறுக்கைக் கண் பழகிவிட்டால் தோட்டத்தில் உறவுகள் தெரியத் தொடங்கும். அரளியிலும் இதே சுழற்சி, பாலைவன ரோஜாவிலும் இதே, வெள்ளை நந்தியாவட்டையிலும் இதே. நான்கும் ஒரே குடும்பம். அரளியின் சிறப்பு அதன் தொண்டைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு இதழும் தொடங்கும் இடத்தில் கிழிந்த குஞ்சமாக ஒரு மடிப்பு நிற்கும். அதில் வெளிறிய ரோஸ் மேல் அடர்ந்த ரோஸ் கோடுகள். நடுவில் மகரந்தப் பைகளின் நுனிகள் இறகுபோல் நீண்டு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, ஒரு சிறு வெண்பஞ்சாக இருக்கும். இவ்வளவு அலங்காரமும் வைத்திருக்கும் அரளியில் தேன் கிடையாது. பூச்சி ஏமாந்து உள்ளே போய்த் திரும்புகிறது, அந்தப் போக்குவரத்திலேயே மகரந்தம் சேர்கிறது. நாற்கரச் சாலையின் நடுத்திட்டில் புகையும் தூசியும் குடித்து நிற்கும் அரளியில்கூட இந்தக் குஞ்சம் கசங்காமல் இருக்கும். அரளி முழுக்க நஞ்சு, ஆடு கடிக்காது. ஆனால் அரளி விட்டிலின் புழு அதையே தின்று வளர்கிறது. அந்தப் புழு வளர்ந்து விட்டிலாகி இலையடியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் படம் எடுக்காமல் வராதீர்கள். பாசிப் பச்சைச் சிறகில் ரோஸ் பட்டை ஓடும்.

பாலைவன ரோஜா மாடியில் தொட்டியில் வைப்பதற்கென்றே பிறந்தது. ஓரத்தில் அடர்ந்து தொடங்கி, தொண்டைக்கு வரும்போது வெள்ளையாகிவிடும் நிறம் அதற்கு. தண்ணீர் கூடினால் வேர் அழுகும் என்பதால் எங்கள் ஊருக்கு இதைவிடத் தோதான செடி இல்லை.

படம் எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல போன் இருந்தும் ரோஸ் பூ பிடிபடவில்லை, வெறும் வண்ணத் திட்டாக வருகிறது என்று சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன். குற்றம் அவர்கள் மேல் இல்லை. கோடாக் நிறுவனத்தின் ப்ரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களுக்குள் இருக்கிறது. ஒளியைப் பிடிக்கும் நுண்கட்டங்களில் பாதி பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. ரோஸ் இதழ் சிவப்பை அள்ளி வீசுகிறது. உச்சி வெயிலில் சிவப்புக் கட்டங்கள் முதலில் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு நரம்பு ஏது, நிழல் ஏது? பிறகு எந்தச் செயலியில் திருத்தினாலும் போன நரம்பு திரும்ப வராது.

வழி எளியது. திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியட்டும். இருட்டிலிருந்து நிறத்தை மீட்கலாம், வெளுப்பிலிருந்து மீட்க முடியாது. நேர் வெயில் விழும் இடமென்றால் ஒருவரை ஒற்றை மல் வேட்டியைப் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்காரர் விலை கொடுத்து வாங்கும் பரவிய வெளிச்சம் அந்த வேட்டியில் வந்துவிடும். போனைப் பூவின் மூக்கில் கொண்டு இடிக்காமல், சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இதழின் வடிவம் வீங்காமல் வரும். ஆனியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது எந்தப் பூவும் அசையாமல் நிற்காது. அந்த மாதங்களில் விடிந்ததும் எடுப்பதுதான் வழி, காற்று அப்போது கொஞ்சம் அடங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பூவின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் பனித்துளி என்று எடுக்காதீர்கள். துளி ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி வில்லையாகி வெளிச்சத்தைத் திருப்பும், அடியில் இருக்கும் நரம்பை மறைக்கும். பார்ப்பவர் துளியைப் பார்ப்பார், பூவைப் பார்க்க மாட்டார்.

வீட்டுக்குள் எடுப்பது இன்னும் சுகமானது. வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் விழாது, பகல் முழுக்க ஒரே நிதானமான வெளிச்சம். ஒரு கண்ணாடித் தம்ளரில் உதிர்ந்த அரளி, வாசல் செடியில் தானாகக் கழன்று விழுந்த நித்தியகல்யாணி, பன்னீர் ரோஜாவின் இதழ்கள். பின்னால் கறுத்த மரக்கதவு இருந்தால் ரோஸ் முன்னால் வரும். வெள்ளைச் சுவர் இருந்தால் அது பின்வாங்கும். நிழலில் எடுத்தால் நீலம் ஏறிக் குளிர்ந்த ரோஸாகும், சாயங்காலச் சூரியனில் மஞ்சள் ஏறிப் பழுத்த ரோஸாகும். எது உண்மையான நிறம் என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பூவின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. காகிதம் வெள்ளையாகத் தெரியும்படி சரிசெய்தால் பூவும் தன் நிறத்துக்கு வந்துவிடும்.

கேமரா வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்துப் பூக்களை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட் 1830-களில் பாளையங்கோட்டையில் பணியில் இருந்தார். புதுக்கோட்டையிலிருந்து அது பேருந்தில் போகும் தூரம்தான். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, பிறகு கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 படத்தட்டுகள் இருக்கின்றன. அந்த மரபில் வந்த படங்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மேலே முழுக் கிளை. கீழே பூவைப் பிரித்து, இதழ் தனியாக, குழலைப் பிளந்து உள்ளே இருப்பது தனியாக, சூலகத்தின் குறுக்குவெட்டு தனியாக, பல மடங்கு பெரிதாக. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் தன் ஓவியர் கோவிந்துவின் பெயரையே வைத்தார்.

பூப் படம் எடுப்பவர்களுக்கு நான் காட்டும் முன்மாதிரி இதுதான். கொத்துக் கொத்தாக நிற்கும் செடியை ஒரு படம், ஒரே பூவை நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் குழலும் காம்பும் தெரிய ஒரு படம், பின்புறம். பின்புறத்தை யாரும் எடுப்பதில்லை. நித்தியகல்யாணி இதழின் பின்புறம் வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். கதிருக்கு எதிரே பிடித்தால் முன்பக்க ரோஸ் அதன் வழியே ஊறித் தெரியும்.

அடுத்து கொடிரோஸ். இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். மெக்சிகோவிலிருந்து வந்த கொடி. கிணற்றுச் சுவர், கம்பி வேலி, கைவிட்ட வீட்டின் கூரை என்று எதைக் கண்டாலும் ஏறும். சித்திரையில் கருகிவிட்டது என்று நினைப்போம்; மண்ணுக்கடியில் கிழங்கு காத்திருக்கும்; ஒரு மழைக்குத் திரும்ப வந்துவிடும். தூரத்தில் பார்த்தால் ரோஸ் நுரை. கிட்டே போனால் ஒவ்வொரு பூவும் ஐந்து ஏடுகள். வெளியே மூன்று அகலமாக, இதய வடிவில். உள்ளே இரண்டு ஒடுங்கி. ஓரத்தில் அடர்ந்து நடுவில் வெளிறும் அந்த ஏடுகளில் வலைபோல் நரம்பு. பூங்கொத்து முடியும் நுனியில் இன்னொரு பூவுக்குப் பதிலாகச் சுருண்ட பற்றுக்கம்பி நீளும். அடுத்த பிடிமானத்தைத் தேடிப் பூவே கைநீட்டுகிறது. தேனீக்களின் இரைச்சல் காலையில் அந்த வேலியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கொடிரோஸில் உதிர்தல் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூல் பிடித்ததும் ஏடுகள் கூம்பி, விதையை மூடிக்கொண்டு, நிறம் மங்கி, காகிதமாகிக் கிளையிலேயே நிற்கும். அதனால் ஒரே கொத்தில் மொட்டு, பூ, மங்கிய ரோஸ், பழுப்பு எல்லாம் ஒருசேரக் கிடைக்கும். ஒரு பூவின் வாழ்நாளை ஒரே படத்தில் எடுக்க இதைவிட வசதியான செடியை நான் பார்த்ததில்லை.

காகிதப்பூவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லோரும் அறிந்ததுதான். ரோஸாகத் தெரியும் மூன்றும் இலைகள். உள்ளே நிற்கும் வெள்ளைக் குழல்கள் மூன்றும்தான் பூக்கள். 1767-இல் பிரெஞ்சுக் கப்பலில் ரியோ டி ஜெனீரோவுக்கு வந்த பிலிபேர் கொமர்சோன் இதைச் சேகரித்து, தன் பயணத் தலைவர் பூகன்வில்லின் பெயரை வைத்தார். அந்த வெள்ளைக் குழலின் காம்பு, இலையின் நடுநரம்போடு ஒட்டியே எழுகிறது. அந்த ஒட்டு தெரியும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ஆனால் அதன் நிறத்தில் ஒரு செய்தி இருக்கிறது. நித்தியகல்யாணி, அரளி, ரோஜா, செம்பருத்தி, கொடிரோஸ் ஆகியவற்றின் ரோஸ் ஆந்தோசயனின் என்ற சாயத்தால் வருவது. காகிதப்பூ, பத்துமணிப்பூ, அந்திமந்தாரை, வாடாமல்லி ஆகியவற்றின் ரோஸ் பீட்டாலெயின், அதாவது பீட்ரூட்டின் சாயம். இரண்டையும் ஒருசேரத் தயாரிக்கும் செடி இயற்கையில் இதுவரை காணப்படவில்லை. ஆக, எங்கள் மாடியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் நிற்கும் இரண்டு ரோஸ்கள் முற்றிலும் வேறு வேறு வழியில் அந்த நிறத்துக்கு வந்து சேர்ந்தவை. கண் இதை ஓரளவு கண்டுகொள்கிறது. பத்துமணிப்பூவின் ரோஸில் ஒரு மின்னல் இருக்கும். நித்தியகல்யாணியின் ரோஸில் ஒரு மென்மை இருக்கும். பத்துமணிப்பூ மட்டும் என் காலைக் கணக்குக்குக் கட்டுப்படாது. வெயில் ஏறினால்தான் விரியும், உச்சியில் இருக்கும்போதே முடிந்தும்விடும். அதற்குத்தான் வேட்டி வேண்டும். அதன் நடுவிலிருக்கும் மகரந்தத் தாள்களை மெல்லத் தொட்டால் அவை அசைந்து சாய்வதை வீடியோவாக எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

சாயங்காலம் அந்திமந்தாரையின் முறை. இதற்கு அல்லி வட்டமே இல்லை; நாம் இதழ் என்று பார்ப்பது நிறம் ஏறிய புல்லி. ஜெர்மானிய அறிஞர் கார்ல் கோரன்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பு அந்திமந்தாரையை வெள்ளையோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் ரோஸ். அந்த ரோஸை ரோஸோடு சேர்த்தால் சிவப்பு ஒரு பங்கு, ரோஸ் இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த அந்தக் கணக்கு, கொல்லைப்புறத்தில் அடுக்களைத் தண்ணீர் போகும் இடத்தில் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

தோட்டத்தை விட்டுக் கடற்கரைக்குப் போனால் அடும்பு. ஆட்டுக்கால் இலை என்றால் எங்கள் பக்கத்தில் புரியும். மணப்பாட்டு மணல்மேட்டிலும் திருச்செந்தூரை ஒட்டிய மணலிலும் படர்ந்து கிடக்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இதுவும் ஒன்று. குறுந்தொகையில் நம்பி குட்டுவன் பாடிய நெய்தல் பாட்டு ஒன்று, இதன் பிளந்த இலைக்கு மான் குளம்பையும் பூவுக்குக் குதிரை மாலையில் கட்டிய மணியையும் உவமை சொல்கிறது. உவமை எவ்வளவு துல்லியம் என்பது தரையோடு படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அடும்பில் இதழ்கள் தனித்தனியாக இல்லை, ஐந்தும் ஒட்டி ஒரே புனல். அந்தப் புனலில் ஐந்து பட்டைகள் நட்சத்திரமாக ஓடும். தொண்டைக்குப் போகப் போக ரோஸ் ஊதாவாகும். விடிகாலையில் விரிந்து, பிற்பகலில் சுருண்டுவிடும். உப்புக்காற்றும் கொதிக்கும் மணலும் அதை ஒன்றும் செய்வதில்லை, விதை கடலில் மிதந்தே கரை மாறும். படர்ந்த இடத்தில் மணலையும் பிடித்து நிறுத்துகிறது. கேமராவை மணலில் வைத்து, பூவுக்குப் பின்னால் கடல் நீலமாக மங்கும்படி எடுத்த படம் என்னிடம் இருக்கும் எல்லாப் பூப் படங்களிலும் எனக்குப் பிடித்தது.

திரும்பும் வழியில் உப்பளம். கோடை முற்றி உப்புநீர் கெட்டியாகும்போது சில பாத்திகள் ரோஸாக மாறுவதை ரயிலிலிருந்தே பார்க்கலாம். மிகை உப்பிலும் வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் தருகிற நிறம் அது.

நிறத்தின் சாயலைப் பிரித்தறிவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் வணிகர்கள் முத்துக்களைத் துளையிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அளவுவாரியாகச் சலித்து, பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணருகே உருட்டிப் பார்ப்பார்கள். உருட்சி, ஒளி, நிறம். வெண்மைக்குள் மஞ்சள் ஓடுகிறதா, ரோஸ் ஓடுகிறதா என்பதில் விலை மாறும். எதிலும் குறையில்லாதது ஆணிமுத்து. அதிலிருந்து இறங்கி இறங்கித் தூள் வரை தரங்கள். அந்தத் தொழில் போய்விட்டது. அந்தக் கண் போக வேண்டியதில்லை. ஒரு பூவை எடுத்துக்கொண்டு ஓரம், நடு, தொண்டை, பின்புறம் என்று அதே நிதானத்தோடு பார்க்க எங்களால் முடியும்.

அந்தக் கணக்கில் தரம் பிரிக்கச் சொன்னால் என் தீர்ப்பு இது. காகிதப்பூ தூரத்துப் பார்வைக்கு. அங்கே அதற்கு இணை இல்லை, கிட்டே வந்தால் சொல்ல அதிகமில்லை. அரளி, உள்ளே பார்த்தவர்களுக்கு மட்டும் உயர்தரம். கொடிரோஸ் கூட்டத்தில் அழகு. அடும்பு கரைக்கு உரியது. அதைப் பிடுங்கித் தொட்டியில் வைக்காதீர்கள், மணலுக்கு அது வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆணிமுத்து நித்தியகல்யாணிதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மூழ்கியபோது, ஈரம் தங்கினால் வேர் அழுகும் இந்தச் செடி எங்கள் தெருவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தை பிறந்து மண் காய்ந்ததும் மதில் வெடிப்புகளில் விதைகள் தாமாக முளைத்தன. மாசி முடிவதற்குள் பூ வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் இல்லையென்றால் நர்சரிக்குப் போக வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒரு செடி கட்டாயம் இருக்கும். இரட்டைக் காய்கள் பச்சை மாறி மஞ்சளாகும்போது, வெடிப்பதற்கு முன் கிள்ளி, காகிதத்தில் உலர்த்துங்கள். எள்ளைவிடச் சிறிய கறுப்பு விதைகள் கிடைக்கும். வடிகால் நன்றாக உள்ள செம்மண்ணில் மெல்லியதாகத் தூவி, மண் காயும்போது மட்டும் தண்ணீர் விடுங்கள். இலையையோ பூவையோ வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும், பிறகு ஆண்டு முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும்.